டெலிமாவின் மீனும் தன்னூஸ் கடைக் கெட்டிலும்

தாடை ஏரியில் வெர்னா வபூஸ் என்பவள் ட்ரௌட் மீன் பிடிக்கும் இடத்தின் விலை: ஒரு மூட்டை மாவு, முயல் கண்ணிக் கம்பி இரண்டு சுருள், பன்றிக்கொழுப்பு ஒரு டப்பா. எங்கள் ஊரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த இடத்துக்காக ஒருவர் தன் பனிவண்டியையே தருவதாக இருந்தார். இன்னொருவர் தன் மச்சினனைத் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தவள் என்பதால் வெர்னா ஒப்புக்கொள்ளவில்லை. நான் மாவுக்கும் கம்பிக்கும் கொழுப்புக்கும் முடித்தேன். முடித்த கையோடு ஏலக்காய் தட்டிப் போட்டு எனக்கு நானே ஒரு காப்பி கலந்து குடித்தேன். அந்தக் காப்பிதான் இந்த வியாபாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

ட்ரௌட் ஆழத்தில் கிடக்கும் மீன். மே மாதம் ஏரியின் மேல் பனி உடைந்து விலகும் அந்த ஒன்றிரண்டு வாரம் மட்டும் பசியோடு கரையோரம் ஏறி வரும். வெயில் தண்ணீரைத் தொட்டதும் மறுபடி கீழே இறங்கிவிடும். அந்தச் சில நாட்களுக்காக எங்கள் ஊர்க்காரர்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார்கள், பல்வலியைத் தள்ளிப்போடுவார்கள். எல்லோருக்கும் ஏதோ கிடைக்கும். பெரியது மட்டும் வருஷா வருஷம் வெர்னாவுக்குத்தான்.

அவளுடைய மீன்களையெல்லாம் விடப் பெரிய மீன் ஒன்று என் கடையில் இருந்தது. கல்லாவுக்கு மேலே, பாடம்பண்ணி, மெருகேற்றிய பலகையில், வாயைத் திறந்தபடி. நாற்பத்தொரு ராத்தல். அதைப் பார்த்துவிட்டுத்தான் தெற்கிலிருந்து வரும் நகரத்து ஆட்கள் மீனுக்கு ஆசைகாட்டத் தூண்டிலில் கோக்கும் பித்தளைத் தகடுகளை டஜன் டஜனாக வாங்கிப் போவார்கள். யார் பிடித்தது என்று கேட்டால், என் அப்பா என்று சொல்வேன். அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஷுக்ரி தன்னூஸ் என்றால் ரயில் பாதை ஓரத்தில் எல்லோருக்கும் தெரியும். லெபனானிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து, ஊசி நூல் விற்று, கடை போட்டவர். மீனை அவர் பிடிக்கவில்லை. வெர்னாவின் அம்மா டெலிமா பிடித்ததை அவர் பண்டமாற்றில் வாங்கினார்: ஒரு மூட்டை மாவு, ஒரு சிவப்புத் தலைத்துணி, ஒரு கெட்டில். பொருளை வாங்கினால் அதன் கதையும் சேர்ந்தே வந்துவிடுகிறது என்பது அப்பாவின் நியாயம். அதில் எனக்கும் பெரிதாக மறுப்பில்லை.

சிக்கல் கெட்டிலில் வந்தது. அது ஒழுகியது. மறுவாரமே டெலிமா அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “என் கடையில இருந்தவரைக்கும் ஒழுகலையேம்மா, நீ என்ன பண்ணியோ,” என்றாராம் அப்பா. டெலிமா கெட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போனவள்தான். அன்றிலிருந்து உப்பு வாங்கக்கூட ஒரு மணி நேரம் வண்டியில் அடுத்த ஊருக்குத்தான் போவாள். தான் பிடித்த மீனை அதற்குப் பிறகு அவள் பார்க்கவும் இல்லை.

வெர்னா மட்டும் கடைக்கு வருவாள். வேண்டியதை வாங்கிக்கொண்டு, புறப்படும்போது, “அந்த பாக்கி கெட்டில்?” என்பாள். அலமாரியில் ஏழெட்டுக் கெட்டில்கள் தூசி படிந்து கிடந்தன. ஒன்றைத் தூக்கிக் கொடுப்பதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் கொடுத்தால், தன்னூஸ் கடையில் ஓட்டைக் கெட்டில் விற்றார்கள் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும், “வேற என்ன வேணும் வெர்னா?” என்பேன்.

அந்த மே மாதம் ஒரு வியாழக்கிழமை. கடையில் ஒரு நகரத்துக்காரர் பலகை மீனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்புப் பக்கத்தில் வெர்னா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே எய்னோ, எங்கள் ஊர்ச் சாலையைச் சீர்செய்யும் வண்டி ஓட்டுபவர். பின்லாந்துக் குடும்பம், ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று பிறக்கும்போதே அளந்து வாங்கி வந்தவர் போலப் பேசுவார்.

நான் அப்பாவின் கதையை வழக்கம்போல ஓட்டினேன். விடிகாலை, தனிப்படகு, இரண்டு மணி நேரப் போராட்டம், கை முழுக்க ரத்தம்.

“சாமியைக் கும்பிட்டாரே, அதை விட்டுட்ட,” என்றாள் வெர்னா.

நகரத்துக்காரர் நெகிழ்ந்துபோய் இரண்டு டஜன் தகடு வாங்கினார். அவர் வண்டி கிளம்பியதும் வெர்னா விதைத் தோலை அடுப்பில் போட்டாள்.

“மச்சான், உங்கப்பா படகுல ஏறுனதே ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் வாந்தி.”

கேலி செய்ய உரிமையுள்ள ஆண்பிள்ளையை வெர்னாவின் ஓஜிப்வே பழங்குடி வழக்கத்தில் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அந்த அந்தஸ்தை யார் கொடுத்தார்கள் என்று தெரியாது. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், அதனால் இருக்கலாம்.

“போனவரைப் பத்தி எதுக்கு,” என்றேன். “சனிக்கிழமை நீ தூண்டிலை எங்க போடப்போற, அதைச் சொல்லு.”

“படகுத்துறையில.”

“நெசமாக் கேக்குறேன்.”

“நெசமாத்தான் சொல்றேன். தாடை ஏரித் துறையில ஓடை ஒண்ணு வந்து விழுதில்ல, அந்த வாய்க்கிட்ட. கரையில நின்னு வீசுனாப் போதும். ஓடைத்தண்ணி முதல்ல சூடாகும், பொடிமீனெல்லாம் அங்க வந்து மொய்க்கும், பெருசுங்க பின்னாலயே வரும். எங்கம்மா இதைப் புடிச்சதும் அங்கதான்.” விரலைக் காட்டாமல் உதட்டைக் குவித்து, பலகை மீனைச் சுட்டினாள்.

நான் எய்னோவைப் பார்த்துச் சிரித்தேன். தாடை ஏரித் துறை எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? எல்லோரும் படகு தள்ளும் இடம். எஞ்சின் எண்ணெய் மிதக்கும். சிகரெட் துண்டு மிதக்கும். எய்னோவின் நாய் காலைத் தூக்குவது அங்கேதான். தவிரவும், எங்கள் ஊரில் மீன் கிடைக்கும் இடத்தை யாரும் யாருக்கும் நிஜமாகச் சொன்னதே கிடையாது. பாதிரியார்கூட மூன்று மைல் தள்ளித்தான் சொல்வார். அதற்கும் மேலே நான் வளர்ந்த வீட்டில் காலையிலிருந்து மாலை வரை பேரம்தான். விலை சொல்லாமல் நீட்டும் சரக்கைத் தொடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள்.

“சும்மா குடுக்கற சரக்கு எனக்கு வேணாம் வெர்னா. விலை சொல்லு.”

அவள் எய்னோவைப் பார்த்தாள். எய்னோ கூரையைப் பார்த்தார்.

“நெசமான எடத்துக்கா?”

“நெசமான எடத்துக்கு.”

“அதுன்னா கொஞ்சம் ஆகுமே,” என்று வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “மாவு ரெண்டு மூட்டை. கண்ணிக் கம்பி அஞ்சு சுருள். கொழுப்பு. அப்புறம் ஒரு கெட்டில்.”

“மாவு அரை மூட்டை. கம்பி ஒண்ணு. கெட்டில் பேச்சு கெடையாது.”

“அரை மூட்டைக்குக் கெழக்கா மேக்கான்னு மட்டும் சொல்றேன்.”

ஏறினாள், இறங்கினேன். இறங்கினாள், ஏறினேன். இரண்டாவது சுருள் கம்பிக்கு நான் முகம் சுளித்ததும் எழுந்து வாசல்வரை போய்விட்டாள். கதவில் கை வைத்தவள், பெருமூச்சு விட்டுத் திரும்பினாள். அந்தத் திரும்பலில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. பொய் விற்க வந்தவள் ஒரு சுருள் கம்பிக்கு எதற்கு இவ்வளவு வருத்தப்பட வேண்டும்?

“கெழக்குக் குடா,” என்றாள் குரலைத் தாழ்த்தி. “ரெண்டு பைன் மரம் நிக்கிற தீவு இருக்குல்ல, அதுக்குப் பின்னால. யாருகிட்டயும் சொல்லிடாத மச்சான்.”

சரக்கு கைக்கு வந்ததும் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. மூட்டையை அவள் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டே, “சனிக்கிழமை பந்தயம் வெச்சுக்குவமா?” என்றேன். “பொழுது சாயறதுக்குள்ள என் தராசுல எவன் மீன் கனமோ அவன் ஜெயிச்சான். நான் ஜெயிச்சா, கெட்டிலுங்கற வார்த்தை உன் வாயில இருந்து இந்தக் கடைக்குள்ள வரக்கூடாது. உயிரோட இருக்கறவரைக்கும்.”

வெர்னா மூட்டையைக் கீழே இறக்கினாள். “நான் ஜெயிச்சா?”

“என்ன வேணா கேளு.”

அவள் உதடு குவிந்து கல்லாவுக்கு மேலே போனது. “அம்மா மீனு வீட்டுக்கு வரணும்.”

நானும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன். அந்த மீன் போனால் பாதி வியாபாரம் போச்சு, அப்பாவின் கதை மொத்தமும் போச்சு. ஆனால் அவளுடைய இடமே இப்போது என் கையில். அவள் எங்கே போய்ப் பிடிப்பாள்?

“சரி,” என்றேன். “எய்னோ சாட்சி.”

“ம்,” என்றார் எய்னோ.

சனிக்கிழமை காலை துறைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது நானும் எய்னோவும்தான். மற்றவர்கள் சின்ன ஏரிகளுக்குப் போய்விட்டார்கள். தாடை ஏரியில் பனி இன்னும் பாதிக்குமேல் கிடந்தது. வடகரையை ஒட்டி ஒரே பெரிய தகடாக, கறுத்து, உளுத்து. தென்கரை ஓரம் மட்டும் ஒரு படகு போகும் அகலத்துக்குத் தண்ணீர் திறந்திருந்தது.

எங்கள் ஊரில் படகுகள் குளிர்காலம் முழுக்க ஏரிக்கரையிலேயே கவிழ்ந்து கிடக்கும். யாரும் பூட்டுப் போடுவதில்லை. படகின் பின்பக்கம் தண்ணீர் வடிவதற்கென்று ஒரு துளை உண்டு. அதன் ரப்பர் அடைப்பானைக் கழற்றி மறைத்து வைத்துவிட்டால் அந்தப் படகு யாருக்கும் உதவாது. அதுதான் பூட்டு. ஒளித்து வைக்கும் இடத்தில் மட்டும் எங்கள் ஆட்களுக்குக் கற்பனை போதாது. ஒன்று தட்டைக் கல்லுக்குக் கீழே இருக்கும், இல்லையென்றால் பிர்ச் மரக் கவையில் புகையிலை டப்பாவுக்குள் இருக்கும். வெர்னாவினுடையது டப்பாவில் இருந்தது. அடையாளத்துக்குச் சிவப்பு நகச்சாயம் பூசியிருந்தாள்.

அதை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

எய்னோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“பந்தயத்துல அடைப்பான் பத்திப் பேச்சே இல்லையே,” என்றேன்.

“இல்ல,” என்றார். “அவ துறையை விட்டு நகர முடியாது.”

“அதுக்குத்தான்.”

“ம்,” என்றார் எய்னோ. அந்த ‘ம்’ கொஞ்சம் நீளமாக இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

கிழக்குக் குடா போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு பைன் மரங்கள் இருந்தன. தீவு இருந்தது. பின்னால் தண்ணீர் இருந்தது. மீன்தான் எங்கள் வருகையைப் பற்றிக் கேள்விப்படவில்லை. பித்தளைத் தகட்டைப் போட்டேன், வெள்ளித் தகட்டைப் போட்டேன், நகரத்துக்காரர்களுக்கு மட்டும் விற்கும் பச்சைப் புள்ளித் தகட்டைக்கூட வெட்கத்தை விட்டுப் போட்டேன். எய்னோ குடுவையைத் திறந்து காப்பி குடித்தார், மூடினார், திறந்தார். மதியம் தாண்டி ஒன்று மாட்டியது. நாலரை ராத்தல் இருக்கும். வேறு நாளாக இருந்தால் மரியாதையான மீன்தான்.

“அவ இதைவிடப் பெருசால்ல இங்க புடிப்பா?” என்றேன்.

“இங்கயா?” என்றார் எய்னோ.

அப்போது காற்று திரும்பியது. வடக்கிலிருந்து நிதானமாக வீச ஆரம்பித்தது. வடகரையில் கிடந்த பனித்தகடு, யாரோ மேசை விரிப்பை இழுப்பது போல, தெற்கே நகர்ந்தது. நான் எஞ்சினை முடுக்கினேன். துறை தெரியும் தூரத்துக்கு வந்தபோது வழி அடைபட்டுவிட்டது. எங்களுக்கும் துறைக்கும் நடுவே அரை மைல் பனி. உளுத்த பனி ஊசி ஊசியாகப் பிரிந்து கண்ணாடி வளையல் குலுக்குவது போலச் சத்தம் போட்டது. கேட்க இனிமையாக இருந்தது. நடந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். எய்னோ பைனாகுலரை எடுத்தார்.

“வெர்னா இருக்கா,” என்றார்.

“இருக்கத்தான் செய்வா. படகை எடுக்க முடியாதே. என்ன பண்றா?”

“கவுந்த படகு மேல உக்காந்திருக்கா. டீ போடுறா.”

“எதுல?”

“கொழுப்பு டப்பாவுல.” பைனாகுலரைத் திருகிவிட்டு, “கெட்டில் இல்ல போல.”

நான் தகட்டுப் பெட்டியை அடுக்க ஆரம்பித்தேன்.

“எந்திரிக்கிறா,” என்றார். “ஓடை வாய்ல வீசுறா.”

“பொழுது போகணுமில்ல.”

“கோல் வளையுது.”

“எவ்வளவு?”

“நல்லாவே.”

நான் பைனாகுலருக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பந்தாட்டம் பார்ப்பவர் போல முன்னே சாய்ந்துகொண்டார். “கரைக்கு இழுத்துட்டா. தூக்கிப் பாக்குறா. யோசிக்கிறா.”

“அப்புறம்?”

“விட்டுட்டா.”

“தண்ணியிலயா? எவ்வளவு பெருசு?”

கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமல், படகின் அடியில் கிடந்த என் மீனை பூட்ஸ் நுனியால் தொட்டுக் காட்டினார். “இது மாதிரி ரெண்டு.”

அதன் பிறகு நடந்ததை விரிவாக எழுத எனக்கு மனம் இல்லை. வெர்னா டீ குடித்தாள், வீசினாள், பிடித்தாள், பார்த்தாள், விட்டாள். பொழுதுபோகாதவன் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போடுவது போல அவ்வளவு சாவகாசமாக. நடுவில் ஒருமுறை எய்னோ கையைத் தூக்கி ஆட்டினார்.

“யாருக்கு ஆட்டுற?”

“அவ ஆட்டுனா.”

இரண்டு நாளுக்கு முன் என் கடை அடுப்பு முன்னால், விலையில்லாமல், வார்த்தைக்கு வார்த்தை சொன்ன இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து அவள் எங்கும் போய்விடாதபடி பார்த்துக்கொண்டவனும் நான்தான்.

“எய்னோ, உனக்கு முன்னாலயே தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும்.”

“எப்படி?”

“அவதான் எல்லார்கிட்டயும் சொல்றாளே.”

“அப்ப ஏன் யாரும் அங்க போடுறதில்ல?”

எய்னோ பைனாகுலரைக் கீழே இறக்கினார். “சொல்றாளே, அதான்,” என்றார்.

பொழுது சரிய ஆரம்பித்தது. தராசு நேரம் நெருங்கியது. காற்றின் அழுத்தத்தில் பனி கரையில் முட்டி நொறுங்கத் தொடங்க, துடுப்பால் குத்திக் குத்தி உள்ளே நுழைந்தோம். ஓரிடத்தில் பெரிய பாளம் வழிவிடவில்லை. ஒரு காலைப் படகுக்குள் வைத்து, மறு காலால் பனியை உந்தி, படகையே அதன் மேல் ஏற்றி மறுபக்கம் வழுக்கிவிட்டோம். பின்பக்கம் பனி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் எய்னோ, “தண்ணி,” என்றார்.

“எங்க?”

“பூட்ஸ்ல.”

திரும்பிப் பார்த்தால் என் மீன் நீந்துவது போல மிதந்துகொண்டிருந்தது. பனியில் இடித்ததில் என் படகின் அடைப்பான் கழன்று ஏரிக்குள் போய்விட்டிருந்தது. குப்புறப் படுத்து விரலைத் துளையில் விட்டேன். உறைபனித் தண்ணீரில் விரல் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அரை நிமிஷத்தில் விரல் யாருடையது என்றே சந்தேகம் வந்துவிட்டது.

“எய்னோ, ஏதாவது பண்ணு.”

எய்னோ நிதானமாகக் குடுவை மூடியால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினார். “உன் கோட்டுப் பையில ஒண்ணு இருக்குமே,” என்றார்.

அடைப்பான்கள் எல்லாம் ஒரே அளவு. என் கடையிலிருந்து போனவைதானே.

துறையில் வெர்னா கோலைச் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவள் காலடியில், ஓடைத் தண்ணீரில், கயிற்றில் கட்டிய மீன் ஒன்று கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை, அது அவ்வளவு நீளம்.

“வா மச்சான், டீ இருக்கு. விரல் என்ன நீலமா இருக்கு?” அவளே கையைப் பிடித்துச் சூடான டப்பாவின் மேல் வைத்தாள். “எய்னோ, உக்காரு. காலைல இருந்து என் அடைப்பானைத் தேடறேன். அணில் கிணில் தூக்கிட்டுப் போயிருக்கும்னு விட்டுட்டேன்.”

“பெரிய அணிலு,” என்றார் எய்னோ.

வெர்னா என் படகைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பின்பக்கம் குனிந்தாள். “என் நகச்சாயம் உன் படகுக்கு எடுப்பாத்தான் இருக்கு.”

வேறு வழியில்லாமல் நான் எதிர்த்தாக்குதலில் இறங்கினேன். “நீ பேசாத வெர்னா. கெழக்குக் குடான்னு பொய்யை எனக்கு விலைக்கு வித்திருக்க.”

“நெசத்தை சும்மா குடுத்தேன், வேணாம்னுட்ட. விலைக்கு வேணும்னு ஒத்தக்கால்ல நின்ன. விக்கறதுக்கு எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு?” என்றாள். “அந்தக் குடா எப்படி இருக்கு? நான் போனதே இல்ல.”

“உன் படகு? படகு எதுக்கு வெச்சிருக்க?”

“மூஸ் மான் வேட்டைக்கு. மீனுக்கு எதுக்கு படகு?”

பொழுது சாய்வதற்குள் கடை சேர்ந்தோம். என் தராசு, என் கை, எய்னோவின் கண். என்னுடையது நாலரை. அவளுடையது பத்தொன்பது. தராசின் முள் ஆடி அடங்கும்வரை காத்திருந்தேன். அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த சில வித்தைகள் அந்தத் தராசில் உண்டு. எய்னோ என் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் பலிக்கவில்லை.

ஏணி போட்டு நானே மீனை இறக்கினேன். வெர்னா அதைத் தன் வண்டியின் முன் இருக்கையில் நிமிர்த்தி உட்காரவைத்து, இடுப்புப் பட்டையும் மாட்டிவிட்டாள். வண்டி திரும்பும்போது கண்ணாடி வழியாக அது என்னைப் பார்த்து வாயைத் திறந்திருந்தது. இத்தனை வருஷமும் அது வாயைத் திறந்திருந்தது ஏதோ சொல்வதற்காக என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

திங்கட்கிழமை இரண்டு வண்டி நகரத்துக்காரர்கள் வந்தார்கள். கல்லாவுக்கு மேலே வெளிறிய நீள்வட்டத்தைப் பார்த்தார்கள். ரொட்டியும் பாட்டரியும் வாங்கிக்கொண்டு போனார்கள். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை அலமாரியிலிருந்து ஒரு கெட்டிலை எடுத்து, தூசி துடைத்து, தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, வெர்னாவின் வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

தொலைக்காட்சியில் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே மீன். எதிரே சாய்வு நாற்காலியில் டெலிமா, எண்பதைத் தாண்டியவள், ஆட்டத்தைப் பார்க்காமல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் சிவப்புத் துணி. வெளுத்துப்போயிருந்தாலும் எங்கள் கடைச் சரக்கு எனக்குத் தெரியாதா?

“ஷுக்ரி மகனா?”

“ஆமாம்மா.”

“சின்னதாப் போச்சு.”

“நானா?”

“மீனு,” என்றாள் டெலிமா. “நான் குடுத்தப்ப இதைவிடப் பெருசு. உங்க கடைக்குள்ள போற எதுவும் எடை கொறைஞ்சுதான் வெளிய வரும்.”

அடுப்பங்கரையில் வெர்னா இருமுவது போலச் சிரித்தாள்.

நான் விஷயத்துக்கு வந்தேன். கோடை முடியும்வரை மட்டும், வாடகைக்கு. என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். யார் பிடித்தது என்று பலகையிலேயே பெயர் எழுதிவிடுகிறேன். ஆட்டத்தில் இடைவேளை வந்ததும் டெலிமா என் பக்கம் திரும்பினாள்.

“வாடகைக்கு விடறதுக்கா என் மகள் நாள் முழுக்கக் கரையில நின்னா?” என்றாள். “அந்தக் கோட்டுக்குள்ள என்ன?”

கெட்டிலை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் அதைத் திருப்பினாள், தட்டினாள், மூக்குப் பக்கம் மோந்து பார்த்தாள். வெர்னாவிடம் சொல்லித் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாளை விரித்து அதன் மேல் வைக்கச் சொன்னாள். அடுத்த ஆட்டப் பகுதி முழுக்க மூன்று பேரும் ஹாக்கியை விட்டுவிட்டு அந்தத் தாளைப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை.

“ஒழுகல,” என்றாள் டெலிமா, சற்று ஏமாற்றத்தோடு. “அப்ப, அது?”

“எது?”

“உங்கப்பன் குடுத்தது.”

கெட்டில் சூடாகவே இல்லை, எனக்குத்தான் வேர்த்தது. கடை, பெயர், அப்பா, தகரப் பெட்டி, எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன.

“அது ஓட்டைதாம்மா,” என்றேன்.

“கேட்டியா வெர்னா?”

“கேட்டேன்மா.”

“உள்ள இருந்து அதை எடுத்துட்டு வா. கடைக்காரன் சரக்கைத் திருப்பி எடுத்துக்கட்டும்.”

வெர்னா கொண்டுவந்தாள். அடியில் துருப்பிடித்த சின்னத் துளை. இத்தனை வருஷமும் எறியாமல் வைத்திருந்தார்கள். “மீன் இருந்த எடத்துல இதை மாட்டு,” என்றாள் டெலிமா. “வெறுஞ்சுவரா இருந்தா கடைக்கு நல்லால்ல.” பிறகு என்னை மறந்துவிட்டு, மீனையும் ஆட்டத்தையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கினாள்.

மாட்டினேன். இது என்ன கெட்டில் என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். நடந்தது நடந்தபடி சொல்கிறேன். அப்பாவின் மீன் கதையைவிட இதற்கு அதிக நேரம் நிற்கிறார்கள், நிற்பவர்கள் வாங்குகிறார்கள். போகிற போக்கில் மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். தாடை ஏரிப் படகுத்துறை, ஓடை வாய் என்று நிஜத்தை விலையில்லாமல் சொல்கிறேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நிஜமான இடம் என்ன விலை என்கிறார்கள். நானும் பெருமூச்சு விட்டு, குரலைத் தாழ்த்தி, ஒரு பெட்டித் தகட்டோடு சேர்த்துக் கிழக்குக் குடாவை விற்கிறேன். சென்ற வாரம் டெலிமா, அந்தச் சண்டைக்குப் பிறகு முதல்முறையாக, கடைக்கு வந்தாள். உப்பு வாங்கினாள். பொட்டலத்தைக் கையில் நிறுத்துப் பார்த்தாள்.

ஆகக் கணக்கு இது. அப்பா கொடுத்தது: மாவு ஒரு மூட்டை, சிவப்புத் துணி ஒன்று, ஓட்டைக் கெட்டில் ஒன்று. நான் கொடுத்தது: மாவு ஒரு மூட்டை, கம்பி இரண்டு சுருள், கொழுப்பு ஒரு டப்பா, ஒழுகாத கெட்டில் ஒன்று, நாற்பத்தொரு ராத்தல் மீன் ஒன்று. வந்தது: கிழக்குக் குடா ஒன்று, படகுத்துறை ஒன்று, ஓட்டைக் கெட்டில் ஒன்று. பாக்கி: நகச்சாயம் பூசிய அடைப்பான் ஒன்று. அது இன்னும் என் படகில்தான் இருக்கிறது. வெர்னா விலை சொல்ல மாட்டேன் என்கிறாள்.